மோட்டார் சைக்கிளுக்கு வேகம் ஏற்றலாமா?
வாரண்டி போகாமல் இருக்க வழி என்ன?

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் தென்காசி ரோட்டில் கால் வைக்க இடம் இருக்காது. ஜூன் மாதம் சாரல் விழும். அருவியில் தண்ணீர் கொட்டும். பஸ்சிலும் காரிலும் வருகிறவர்கள் ஒரு பக்கம். மோட்டார் சைக்கிளில் சாரை சாரையாக வரும் வாலிபர்கள் இன்னொரு பக்கம்.

அந்த மோட்டார் சைக்கிள்களில் சில, கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். "டப், டப்" என்று வெடிச் சத்தம். தொட்டிலில் தூங்கும் குழந்தை வீரிட்டு அழும். திண்ணையில் இருக்கும் பெரியவர், "எவன்லே அவன்?" என்று எழுந்து பார்ப்பார். அதற்குள் வண்டி அடுத்த ஊருக்குப் போயிருக்கும்.

இது சத்தத்தோடு போகிற விஷயம் அல்ல. அந்த வண்டிக்காரர் காசு கொடுத்து ஒன்றை வாங்கியிருக்கிறார். காசு கொடுக்காமலே இன்னொன்றை இழந்திருக்கிறார். அவர் வாங்கியது, வேகம் கூட்டுவதாகச் சொல்லப்படும் சைலன்சர். இழந்தது, வண்டிக் கம்பெனி கொடுத்த வாரண்டி.

வாரண்டி என்பது உத்தரவாதம். "இத்தனை ஆண்டுக்குள், இத்தனை கிலோ மீட்டருக்குள் எங்கள் தவறால் எந்திரம் கெட்டால் நாங்களே இலவசமாகச் சரி செய்து தருவோம்" என்று கம்பெனி எழுதிக் கொடுக்கும் வாக்கு. இன்று ஐந்து ஆண்டு வரை வாரண்டி தரும் கம்பெனிகள் உண்டு. நடுத்தரக் குடும்பத்துக்கு அது சிறிய சொத்து அல்ல.

கையில் மிஞ்சிய 7,800 ரூபாய்

தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள ஊர் ஆய்க்குடி. வயலும் வாய்க்காலும் முருகன் கோவிலும் உள்ள ஊர். அங்கே ஒரு குடும்பம் புது மோட்டார் சைக்கிள் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பெயர் எதற்கு? எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய கதைதான்.

2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந்தேதி முதல், 350 சி.சி. வரை உள்ள மோட்டார் சைக்கிள்களுக்கு ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரியோடு சேர்த்து ஒரு லட்ச ரூபாய் விற்ற வண்டி, இதனால் ஏறத்தாழ 7,800 ரூபாய் குறைந்தது.

அப்பாவுக்கு மகிழ்ச்சி. மகனுக்கு அதைவிட மகிழ்ச்சி. மிச்சமான பணத்தில் வண்டியைக் கொஞ்சம் "ஏற்றி" விடலாம் என்று நினைக்கிறார். செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் இரண்டு பேராக ஏறும்போது வண்டி திணறுகிறதே! நேராக ஒர்க்ஷாப்புக்குப் போகிறார்.

"அண்ணாச்சி, ஏத்தத்துல வண்டி மூச்சு வாங்குது."

"சைலன்சரை மாத்திருவோம் தம்பி. பில்டரையும் மாத்திட்டா வண்டி பறக்கும்."

"வாரண்டி போயிருமே?"

"அதை யாரு பாக்கா?"

யார் பார்க்கிறார்கள் என்பதுதான் கேள்வி. பதில் வண்டிக்குள்ளேயே இருக்கிறது.

எந்திரத்துக்குள் ஒரு கணக்குப்பிள்ளை

எந்திரம் ஓட மூன்று பொருள் வேண்டும். காற்று, பெட்ரோல், தீப்பொறி. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14 முதல் 15 கிலோ காற்று தேவை! மோட்டார் சைக்கிள் குடிப்பது பெட்ரோல் என்று நாம் நினைக்கிறோம். எடைபோட்டுப் பார்த்தால் அது குடிப்பதெல்லாம் காற்றுதான்.

முன்பெல்லாம் இந்த இரண்டையும் கலந்து கொடுத்தது கார்புரேட்டர். ஒரு திருப்புளி இருந்தால் போதும். மெக்கானிக் காதை வைத்துக் கேட்டே "டியூனிங்" செய்துவிடுவார். அப்படிக் கை ராசியுள்ள மெக்கானிக் ஊருக்கு ஒருவராவது இருந்தார்.

2020-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி காலம் மாறியது. அன்று முதல் "பாரத் ஸ்டேஜ் 6" என்ற புகைக் கட்டுப்பாடு நாடு முழுவதும் அமலுக்கு வந்தது. புது மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்தே போனது. அதன் இடத்தில், பெட்ரோலைப் பீச்சி அடிக்கும் இஞ்செக்டர் வந்தது. அதை ஆட்டி வைப்பது ஒரு சிறிய மின்னணுப் பெட்டி.

அந்தப் பெட்டியைக் கணக்குப்பிள்ளை என்று சொல்லலாம். எவ்வளவு காற்று உள்ளே வருகிறது, எந்திரம் எவ்வளவு சூடாக இருக்கிறது, ஆக்சிலேட்டரை எவ்வளவு திருகியிருக்கிறோம் என்று கணக்குப் பார்த்து, அதற்குத் தக்கபடி பெட்ரோலை அளந்து விடுகிறது. புகைக்குழாயில் ஆக்சிஜனை மோப்பம் பிடிக்கும் ஒரு கருவியும் உண்டு. வெளியே போகும் புகையைப் பார்த்து, "பெட்ரோல் கூடிப்போச்சு", "குறைஞ்சு போச்சு" என்று அது கணக்குப்பிள்ளைக்குத் தகவல் சொல்லும்.

ஏதாவது கோளாறு என்றால் கணக்குப்பிள்ளை குறித்துக்கொள்கிறார். மீட்டரில் எந்திரத்தின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிவது அதனால்தான். கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் ஒரு கருவியை மாட்டினால், எழுதி வைத்திருப்பதை எல்லாம் அது படித்துவிடும்.

"யாரு பாக்கா?" என்று கேட்ட அண்ணாச்சிக்கு இது தெரியாமல் இருக்காது. சொல்ல மறந்திருப்பார்!

சைலன்சரில் என்ன இருக்கிறது?

வேகத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் முதலில் கை வைப்பது சைலன்சரில்தான். அது சத்தத்தை அடக்கும் வெறும் தகரக் குழாய் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இப்போதைய வண்டிகளில் அந்தப் புகைக்குழாய் வழியில்தான், நச்சுப் புகையைச் சுத்தம் செய்யும் தேன்கூடு போன்ற ஒரு பாகம் இருக்கிறது. அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மெல்லிய பூச்சாகப் பூசப்பட்டிருக்கின்றன. மூன்றும் விலை உயர்ந்தவை.

"பழைய சைலன்சரைக் கொடுத்துட்டுப் போங்க, விலையில கழிச்சுக்கலாம்" என்று கடைக்காரர் சொன்னால் கவனம் வேண்டும். அவர் கழித்துக்கொள்வது சில நூறு ரூபாய். பிறகு ஒரு நாள் போலீசாருக்குப் பயந்தோ, வாரண்டிக்குப் பயந்தோ அசல் சைலன்சரைத் தேடும்போது, புதிதாக வாங்க ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டி வரும்.

சரி, வேறு சைலன்சரை மாட்டினால் வேகம் கூடுமா? 100 சி.சி. வண்டியின் சக்தி சுமார் 8 குதிரை சக்தி. 125 சி.சி. வண்டி என்றால் சுமார் 11. இவ்வளவு சிறிய எந்திரத்தில் சைலன்சரையும் பில்டரையும் மாற்றி அரை, முக்கால் குதிரை சக்தி கிடைத்தாலே பெரிது. சத்தம் கூடுவதால் வேகம் கூடியதுபோல் தோன்றும். கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

இழப்போ நிச்சயம். புகை தடையில்லாமல் வெளியேறுகிறது. காற்று அதிகமாக உள்ளே வருகிறது. அதற்கு ஏற்றபடி பெட்ரோல் கூடாவிட்டால் எந்திரம் அளவுக்கு மேல் சூடாகும். நாள்பட்டால் வால்வு கருகும். பிஸ்டன் கெடும். குழாய் இணைப்பில் சிறு கசிவு இருந்தாலும் போதும். வெளிக்காற்று உள்ளே புகுந்து, மோப்பக் கருவியை ஏமாற்றிவிடும்.

கூம்பு வடிவத்தில் திறந்தபடி இருக்கும் பில்டர் ஒன்றும் கடைகளில் தொங்குகிறது. வறண்ட ஊரிலாவது பரவாயில்லை. குற்றாலச் சாரலில் அது ஆகவே ஆகாது. கம்பெனி, காற்றுப் பெட்டியை மூடி, அதன் வாயை மழைத் தண்ணீர் தெறிக்காத இடம் பார்த்து வைத்திருக்கிறது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஈரக் காற்றில் திறந்த பில்டரோடு போவது, குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மழையில் நனைவது போலத்தான்.

கணக்குப்பிள்ளையின் கணக்கையே திருத்தும் "ரீமேப்" என்ற வேலையும் இப்போது வந்துவிட்டது. இடையில் மாட்டும் பெட்டிகளும் உண்டு. பந்தய வண்டிக்கு அது சரி. பந்தயத்தில் ஓட்டிக் கெட்ட வண்டிக்கு எந்தக் கம்பெனியும் வாரண்டி தருவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சிலிண்டரைக் குடைந்து சி.சி.யைக் கூட்டுவது எல்லாவற்றிலும் மோசம். ஆர்.சி. புத்தகத்தில் ஒரு சி.சி.; வண்டியில் வேறு சி.சி. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டணம் சி.சி.யைப் பார்த்துத்தான் வகுக்கப்படுகிறது. 150 சி.சி. வரை ஒரு கட்டணம், அதற்கு மேல் 350 வரை வேறு கட்டணம். நாளை ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி முதலில் குறித்துக் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. இது பற்றிக் கேரளத்தில் எழுந்த வழக்கு ஒன்று சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2019-ம் ஆண்டு ஜனவரி 9-ந்தேதி, அந்தப் பிரிவை அப்படியே பின்பற்ற வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. தண்டனை கூடியது. அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றும் சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இரண்டு மாற்றம் செய்தால் 10,000 ரூபாய். வரிக் குறைப்பில் மிஞ்சிய 7,800 ரூபாய் அதற்கே போதாது!

சத்தத்துக்கும் அளவு உண்டு. 80 முதல் 175 சி.சி. வரை உள்ள வண்டியின் சத்தம், தொழிற்சாலையில் இருந்து வரும்போது நடக்கும் சோதனையில் 77 டெசிபலைத் தாண்டக்கூடாது. அதற்கு மேற்பட்ட சி.சி.க்கு 80 டெசிபல். சத்தம், புகை பற்றிய விதிகளை மீறி வண்டி ஓட்டினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை ஜெயிலோ உண்டு. லைசென்சும் மூன்று மாதம் முடங்கும்.

வாரண்டி முடிந்துபோன பழைய கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள், "நமக்கு என்ன?" என்று இருந்துவிடக்கூடாது. அவர்களுக்கு வாரண்டிப் பயம் இல்லை. சட்டம் அவர்களுக்கும் உண்டு.

ஆய்க்குடித் தெருவில் இன்னொரு வண்டி

இதுவரை படித்தவர்கள், வண்டியில் ஓர் ஆணியைக் கூட மாற்றக்கூடாது போலிருக்கிறதே என்று நினைக்கலாம். அப்படி இல்லை. மாற்றம் செய்த வண்டி ஒன்று ஆய்க்குடிக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். பின்சக்கரத்தின் இரு பக்கமும் இரண்டு இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டர். கால் நடக்க முடியாதவர்கள் ஓட்டும் வண்டி.

ஆய்க்குடியின் பெயரை வெளியூர்களில் பரப்பியது அமர் சேவா சங்கம். அதைத் தொடங்கியவர் எஸ். ராமகிருஷ்ணன். 1975-ம் ஆண்டு கடற்படை அதிகாரி வேலைக்கான தேர்வில் கலந்துகொண்டபோது விழுந்து அடிபட்டார். கழுத்துக்குக் கீழே உடல் செயல் இழந்தது. அதோடு முடங்கிப் போகாமல், 1981-ல் ஊரிலேயே மாற்றுத்திறனாளிகளுக்காகச் சங்கத்தைத் தொடங்கினார். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மாற்றுத்திறனாளிகள் வேலைக்கும் படிப்புக்கும் தாங்களாகவே போய்வருவது அந்த வட்டாரத்தில் புதுமை அல்ல.

அப்படிப்பட்டவர்களை மனதில் வைத்து சட்டம் ஒரு கதவைத் திறந்திருக்கிறது. மாற்றுத்திறனாளி ஒருவர் தமக்கு ஏற்றபடி வண்டியை மாற்றிக்கொள்ளலாம். மத்திய அரசாங்கம் வகுத்த நிபந்தனைகளுக்கு அது பொருந்தியிருக்க வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதலை, மாற்றிய பிறகும் பெறலாம். மற்றவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

2019-ல் செய்த திருத்தத்தில் இன்னொரு வரியும் சேர்ந்தது. அதைத்தான் பலர் படிக்கவில்லை. எந்த மாற்றத்துக்கு மத்திய அரசாங்கம் அளவும் நிபந்தனையும் வகுத்துக் கொடுக்கிறதோ, அந்த மாற்றத்தைக் காரணம் காட்டிக் கம்பெனியின் வாரண்டி செல்லாது என்று கருதக்கூடாது! சட்டப் புத்தகத்திலேயே வாரண்டி என்ற சொல் ஏறிவிட்டது.

இதன் அருமை மாற்றுத்திறனாளிக்குத்தான் தெரியும். மற்றவர்களின் வண்டி கெட்டால் பஸ்சில் போவார்கள். அவருடைய வண்டி நின்றால் அவர் வேலையும் நின்றுவிடும். இணைப்புச் சக்கரம் பொருத்தும்போது விதிப்படி அமைந்த சாதனமா என்று பார்த்து, பில் வாங்கி, தென்காசி அலுவலகத்தில் ஆர்.சி.யில் பதிந்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு கடிதம் எழுதிவிட்டால் அவரை யாரும் அசைக்க முடியாது.

வெடிச் சத்த சைலன்சருக்கு அந்தக் கதவு திறக்காது. இரண்டும் மாற்றம்தான். ஆனால் ஒன்று ஆள் நகர்வதற்கு. மற்றது ஊர் திரும்பிப் பார்ப்பதற்கு.

கம்பெனி சொல்வதெல்லாம் சட்டமா?

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். "வெளியே ஒரு பல்பு மாத்தினீங்களா? வாரண்டி போச்சு!" என்று மிரட்டும் சர்வீஸ் நிலையங்களும் நாட்டில் இல்லாமல் இல்லை. இதுவும் சரியல்ல.

அமெரிக்காவில் 1975-ம் ஆண்டிலேயே இதற்கு ஒரு சட்டம் வந்தது. வேறு கம்பெனியின் பாகத்தைப் பயன்படுத்தினார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மறுக்கக்கூடாது என்பது அதன் சாரம். புகழ் பெற்ற ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள் கம்பெனியே இதில் மாட்டிக்கொண்டது. அதன் வாரண்டி வாசகத்தின் மீது 2022-ம் ஆண்டு ஜூன் மாதம் அந்நாட்டு வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது.

நம் நாட்டிலும் 2014-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந்தேதி, இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. "வெளியே ரிப்பேர் பார்த்தால் வாரண்டி முழுவதும் ரத்து" என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக்கூடாது. வெளியே பார்த்த தவறான வேலையால் எந்தப் பாகம் கெட்டதோ, அந்த அளவுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம் என்றது ஆணையம். கம்பெனிகள் மேல் முறையீட்டுக்குப் போயின. வழக்கும் கார் கம்பெனிகளைப் பற்றியதுதான். ஆயினும் அதில் உள்ள நியாயம் எந்த வண்டிக்கும் பொருந்தும். சைலன்சரை மாற்றியவருக்குப் பிஸ்டன் கெட்டால் கம்பெனி கைவிரிக்கலாம். அவருடைய மீட்டர் கெட்டால் எதற்குக் கைவிரிக்க வேண்டும்?

சர்வீஸ் நிலையத்தில் "முடியாது" என்றால் வாய்ப்பேச்சோடு திரும்பிவிடக்கூடாது. எந்தப் பாகம் கெட்டது, எந்த மாற்றத்தால் கெட்டது என்பதை ஜாப் கார்டில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். எழுதத் தயங்கினாலே பாதி விஷயம் புரிந்துவிடும். அதற்கு மேல் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வண்டி வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்துக்கு உரிய நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி ஓசூரில் இருக்கிறதா, டில்லியில் இருக்கிறதா என்ற கவலை வேண்டாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கொடுத்த விலை 5 லட்ச ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது.

ஒன்றை மறந்துவிடக்கூடாது. வாரண்டி நிலைக்க, குறித்த தேதிக்குள் அல்லது குறித்த கிலோ மீட்டருக்குள் சர்வீஸ் செய்திருக்க வேண்டும். சைலன்சரை மாற்றாத அப்பாவிகள் பலர் வாரண்டியைப் பறிகொடுப்பது, மறதியால் ஒரு சர்வீசைத் தவற விட்டதால்தான். பிரேக் கட்டை, கிளட்ச் தகடு, பிளக், பில்டர், செயின் போன்ற தேயும் பாகங்கள் பொதுவாக வாரண்டியில் சேராது. அந்தப் புத்தகத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதற்கு முன் ஒரு தடவை படித்துவிடுவது நல்லது. வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

பெட்ரோல் மேல் ஒரு புகார்

மைலேஜ் குறைந்துவிட்டது, எந்திரத்தைத் திறந்து பார் என்று மெக்கானிக்கிடம் போகிறவர்கள் இப்போது அதிகம். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2025-ல் நாடு முழுவதும் பரவிவிட்டது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலுக்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. மைலேஜ் கொஞ்சம் குறைவது இயல்பு. பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம் என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே சொன்னது. அதைச் செய்தால் போதும். நல்ல எந்திரத்தைப் பிரித்துப் போட வேண்டியதில்லை.

அப்படியானால் அந்தப் பணத்தை என்ன செய்வது?

டயரில் காற்று சரியாக இருக்கிறதா? இதைவிட மலிவான "டியூனிங்" உலகத்தில் இல்லை. காற்று குறைந்தால் வண்டி கனக்கும், பெட்ரோல் குடிக்கும், திருப்பத்தில் வழுக்கும். பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்கு எவ்வளவு கூட்ட வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். காற்று அளக்கும் சிறு கருவி ஒன்று 400 ரூபாய்க்குள் கிடைக்கும்.

அடுத்தது செயின். வயல் ரோட்டுப் புழுதியும் சாரல் ஈரமும் சேர்ந்து செயினில் சந்தனம் அப்பியதுபோல் அப்பிக்கொள்ளும். எந்திரம் கொடுக்கும் சக்தியில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். சுத்தம் செய்து எண்ணெய் போட்டு, தொய்வையும் சரி செய்தால் வண்டி புதிதாக இழுப்பதுபோல் இருக்கும். தூரிகை, எண்ணெய், துடைக்கும் திரவம் எல்லாம் சேர்த்து 600 ரூபாய்.

மலை ஏறுகிறவர்கள் சிலர் பின்சக்கரத்துப் பல்சக்கரத்தை இரண்டு மூன்று பல் பெரியதாக மாற்றுகிறார்கள். ஏற்றத்தில் இழுவை நிஜமாகவே கூடும். ஆனால் சமவெளியில் வேகம் குறையும். எந்திரம் அதிகமாகச் சுற்றும். சில வண்டிகளில் வேகமானி தப்பாகக் காட்டும். கியர், செயின் சம்பந்தமான வாரண்டிக்கும் கம்பெனி தகராறு செய்யலாம். மலைப்பாதைக்கு முதலில் செய்ய வேண்டியது, ஒரு கியர் குறைத்துப் போடுவதுதான். அதற்குச் செலவே இல்லை!

என்ஜின் ஆயிலில் புத்தகம் சொல்லும் தரத்திலேயே உயர்ந்த ரகம் வாங்கலாம். கம்பெனி சர்வீஸ் நிலையத்திலேயே ஊற்றச் சொல்லிப் பில் வாங்கிக்கொண்டால் தகராறு இல்லை. நீண்டநாள் உழைக்கும் இரிடியம் பிளக் சுமார் 800 ரூபாய். சூட்டுத் தரம் அசல் பிளக்கோடு பொருந்த வேண்டும். வேகம் கூடாது, ஸ்டார்ட் ஆவது நன்றாக இருக்கும். விளக்கு, ஹாரன், செல்போன் சார்ஜர் மாட்டுகிறவர்கள் ஒயரை மட்டும் வெட்டக்கூடாது. ஒரு ஒயரை வெட்டி டேப் சுற்றினால், மின்சாரக் கோளாறு எதுவானாலும் பழி அந்த டேப்பின் மேல்தான் விழும். இணைப்பில் சொருகும் வகை சாமான்களைக் கம்பெனிக் கடையிலேயே மாட்டிக்கொள்ளலாம்.

கம்பெனிகளே விற்கும் மேம்பாடுகளைப் பார்த்தாலும் ஒரு விஷயம் புலப்படும். ஓசூர் டி.வி.எஸ். கம்பெனி 2021-ல் தன் அப்பாச்சி ஆர்.ஆர். 310 வண்டிக்கு, வாங்குகிறவர் விருப்பப்படி தொழிற்சாலையிலேயே பொருத்தித் தரும் தொகுப்புகளை அறிமுகம் செய்தது. அவற்றில் இருந்தது என்ன? திருகிச் சரிசெய்யும் சஸ்பென்ஷன், பித்தளைப் பூச்சுள்ள செயின், பந்தய பாணிக் கைப்பிடி, கால் வைக்கும் இடம். வண்டியைச் செய்தவர்களே எந்திரத்தை விட்டுவிட்டு மற்றதைத்தான் மாற்றினார்கள்!

இனி ஆய்க்குடி வீட்டுக் கணக்கு. காற்றுக் கருவி 400. செயின் சாமான் 600. உயர்ரக ஆயிலுக்குக் கூடுதல் செலவு 700. பிளக் 800. பின்னால் உட்காருகிறவருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட் 1,500. மொத்தம் 4,000 ரூபாய். கடைக்குக் கடை கொஞ்சம் முன்பின் இருக்கலாம். கையில் மீதி 3,800.

சீசனில் ஒரு நாள் அம்மாவையும் தங்கையையும் குற்றாலம் கூட்டிப்போய், திரும்பும் வழியில் பார்டர் பரோட்டாவும் வாங்கிக் கொடுத்தால், அதிலும் பாதிக்கு மேல் மிஞ்சும்.